கரிசல் வட்டார மாட்டுவண்டிப் பந்தயம்

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், ஓட்டப்பிடாரம், கயத்தாறு ஆகிய ஊர்களைச் சூழ்ந்த கரிசல் நிலத்தில், கோயில் கொடைகளையும் ஊர் விழாக்களையும் ஒட்டி நடத்தப்படும் போட்டி மாட்டுவண்டிப் பந்தயம். இரண்டு மாடுகள் பூட்டிய, கூண்டில்லாத இலகுவான வண்டிகள் ஊரின் பொதுச்சாலையில் ஓர் எல்லை வரை சென்று, வந்த வழியே திரும்பிவர வேண்டும். முதலில் திரும்பும் வண்டி வெற்றி பெறும். கொங்கு நாட்டில் ரேக்ளா என்று அழைக்கப்படும் போட்டியும் இதுவும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆனால் தூரம், விதிமுறை, மாட்டுப் பிரிவுகள் ஆகியவற்றில் வேறுபட்டவை.

இந்தப் பந்தயத்தில் ஓடுபவர்கள் எவருக்கும் பந்தயம் தொழில் அல்ல. மாட்டை வளர்ப்பவர் சம்சாரி அல்லது சிறு வியாபாரி. வண்டி ஓட்டும் சாரதியும் பெரும்பாலும் வேறு வேலை பார்ப்பவர். பந்தயத்தை நடத்துவது ஊர். சாலை அரசுடையது. இந்த நான்கும் சேர்ந்து அமைந்த ஒரு விளையாட்டு, உழவிலிருந்தும் பார வண்டியிலிருந்தும் மாடு விலகிய பிறகும், நீதிமன்றத் தடைக்குப் பிறகும் எவ்வாறு நிலைத்தது என்பதே இதன் வரலாறு.

நிலமும் மாடும்

கரிசல் மண் மழை ஈரத்தை நெடுநாள் பிடித்துவைக்கும். கோடையில் வாய் பிளந்து வெடிக்கும். மழைக்காலத்தில் காலையும் சக்கரத்தையும் பிடித்து இழுக்கும். வற்றாத ஆறும் பெரிய அணையும் இல்லாத இந்த மானாவாரி நிலத்தில் பருத்தி, கம்பு, சோளம், உளுந்து, பாசிப்பயறு, மல்லி, மிளகாய் ஆகியவை வடகிழக்குப் பருவமழையை நம்பி விளைந்தன. கருங்கண்ணி என்னும் நாட்டுப் பருத்தி இந்த மண்ணின் பயிராகவே அறியப்பட்டது. மானாவாரி வேளாண்மையை ஆராய 1901-ஆம் ஆண்டிலேயே கோவில்பட்டியில் வேளாண் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது.

கரிசலில் உழவுக்கும் விதைப்புக்கும் கிடைக்கும் நாட்கள் குறைவு. ஈரம் மிகுந்தால் மண் கொழுவில் அப்பும். ஈரம் காய்ந்தால் மண் இறுகிவிடும். இடைப்பட்ட சில நாட்களில் வேலையை முடித்தாக வேண்டும். ஆகவே பாரம் இழுக்கும் வலுவோடு வேகமாக நடக்கும் குணமும் மாட்டுக்குத் தேவைப்பட்டது. மந்தமான மாடு வைத்திருந்தவர் ஒரு பருவத்தையே இழக்க நேரிடும். நல்ல ஜோடி வைத்திருப்பது கரிசல் சம்சாரிக்குப் பெருமையாக இருந்ததற்கு இதுவே அடிப்படைக் காரணம்.

விளைந்த பருத்தியைச் சந்தைக்குக் கொண்டுசேர்த்ததும் மாடுதான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கரிசல் பருத்தி தூத்துக்குடித் துறைமுகத்துக்கு மாட்டுவண்டிகளில் சென்றது. மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு 1876-இல் ரயில் பாதை திறக்கப்பட்டதும் நெடுந்தூர வண்டிப் பயணங்கள் குறைந்தன. ஆனால் வண்டிகளின் தேவை குறையவில்லை. ஊர்களிலிருந்து ரயில் நிலையங்களுக்கும், கோவில்பட்டி, சாத்தூர், விருதுநகர் ஆகிய ஊர்களின் பருத்தி அரவை ஆலைகளுக்கும் வண்டிகள் வரிசையாகச் சென்றன. முன்னே செல்லும் வண்டியை முந்துவது, சந்தைக்கு முதலில் சேர்வது, திரும்பும்போது வெற்று வண்டியை விரட்டுவது ஆகியவை இப்பாதைகளின் அன்றாட நிகழ்வுகள். அமைப்பும் பரிசும் கொண்ட பந்தயத்துக்கான பழக்கம் இங்கேயே உருவானது எனலாம்.

சாலையும் மைலும்

இன்றைய வடிவில் பந்தயம் நடக்கக் கெட்டியான சாலை வேண்டும். கரிசல் வண்டித்தடத்தில் பத்து மைல் தூரம் மாடுகளை ஓட்டவிட முடியாது. மழையில் சக்கரம் புதையும். கோடையில் வெடிப்பில் மாட்டின் கால் சிக்கும். ஆகவே கப்பிச்சாலையும் பின்னர் தார்ச்சாலையும் ஊர்களை இணைத்த பிறகே நெடுந்தூரப் பந்தயம் சாத்தியமானது.

பந்தயத்தின் அளவைச் சொற்கள் இதற்கு ஒரு சான்றாக உள்ளன. அறிவிப்புச் சுவரொட்டிகளிலும் ஒலிபெருக்கியிலும் பந்தயத் தூரம் இன்றும் மைல் கணக்கிலேயே சொல்லப்படுகிறது. ‘போக வர 10 மைல்’, ‘போக வர 8 மைல்’ என்பதே வழக்கு. இந்தியாவில் மெட்ரிக் அளவுமுறைக்கான சட்டம் 1956-இல் இயற்றப்பட்டு, சாலைகளில் கிலோமீட்டர் கற்கள் படிப்படியாக மைல்கற்களின் இடத்தைப் பிடித்தன. அதன்பின் பல பத்தாண்டுகள் கடந்தும் பந்தயம் மைலை விடவில்லை. மைல்கல் நடப்பட்ட சாலைகளின் காலத்தில், அதாவது இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள், பந்தயத்தின் விதிமுறைகள் உறுதிப்பட்டுவிட்டன என்று இதிலிருந்து ஊகிக்கலாம்.

தார்ச்சாலை மாட்டுக்கு உகந்த தரை அல்ல. குளம்பு தேயும், வழுக்கும். எனவே பந்தய மாட்டுக்கு லாடம் இன்றியமையாதது. லாடம் கட்டுபவர் பந்தயத்தில் பெயர் வராத ஒரு பங்காளி. ஆணி சற்று ஆழமாக இறங்கினாலும் மாடு நொண்டும். அந்தப் பருவம் முழுவதும் வீணாகும்.

வண்டி

பார வண்டியும் பந்தய வண்டியும் ஒரே உறுப்புகளைக் கொண்டவை. சக்கரத்தின் நடுவே குடம், குடத்திலிருந்து பிரியும் ஆரக்கால்கள், அவற்றைத் தாங்கும் வட்டை, வட்டையின் மேல் காய்ச்சி இறக்கிய இரும்புப் பட்டா, சக்கரம் கழன்றுவிடாமல் காக்கும் கடையாணி ஆகியவை இரண்டுக்கும் பொது. வேறுபாடு எடையில் உள்ளது. பந்தய வண்டியில் பாரம் ஏற்றும் தளமும் பக்கத் தடுப்புகளும் கிடையா. அச்சு, ஏர்க்கால், நுகத்தடி, இருவர் தொற்றி நிற்க ஒரு சிறு பலகை ஆகியவையே வண்டி. மரம் எவ்வளவு குறைக்கப்படுகிறதோ அவ்வளவு வேகம் கிடைக்கும். அளவுக்கு மீறிக் குறைத்தால் திருப்பத்தில் ஏர்க்கால் முறியும். இந்த அளவைக் கண்டுபிடிப்பதே தச்சரின் திறமை.

உராய்வைக் குறைக்கப் பழைய வண்டிகளில் அச்சுக்கு வண்டிமை இட்டனர். பின்னர் இயந்திர வாகனங்களின் பேரிங் பந்தய வண்டிக்கும் வந்தது. ரப்பர் டயர் வண்டிகள் பாரச் சுமைக்கு வந்தபோது மரச் சக்கரம் செய்யும் தச்சர்களுக்கும் பட்டா கட்டும் கொல்லர்களுக்கும் வேலை குறைந்தது. டிராக்டர் வந்ததும் அந்த டயர் வண்டியும் ஒதுங்கியது. மரச் சக்கர வேலை தொடர்ந்து தேவைப்பட்ட சில இடங்களில் பந்தயமும் ஒன்று.

மாட்டுப் பிரிவுகள்

எல்லா மாடுகளையும் ஒன்றாக ஓடவிடுவதில்லை. தூத்துக்குடி மாவட்டத்தில் பெரிய மாடு, சிறிய மாடு, பூஞ்சிட்டு ஆகிய பிரிவுகள் பரவலாக உள்ளன. பெரிய மாட்டுக்கும் சிறிய மாட்டுக்கும் இடையே நடு மாடு என்னும் பிரிவும் சில இடங்களில் உண்டு. சிவகங்கை, புதுக்கோட்டைப் பகுதிகளில் கரிச்சான் மாடு என்ற பிரிவும், தேனிப் பகுதியில் தேன்சிட்டு, தட்டான்சிட்டு போன்ற பிரிவுகளும் வழங்குகின்றன. சிறிய, இளம் மாடுகளுக்குப் பறவையின் பெயரும் பூச்சியின் பெயரும் சூட்டப்பட்டிருப்பது இப்பிரிவுகளின் தனித்தன்மை.

மாட்டின் உயரத்தையும் பல்லையும் பார்த்து விழாக் குழு பிரிவை முடிவுசெய்யும். இரண்டு பல், நாலு பல், ஆறு பல் என்று வயதைக் கணக்கிடுவது சந்தையில் மாடு வாங்குவோரின் பழைய முறை. பெரிய மாடுகளுக்குத் தூரம் அதிகம். பூஞ்சிட்டுக்குக் குறைவு. ஒரு பிரிவில் வண்டிகள் மிகுந்தால் இரண்டு சுற்றுகளாகப் பிரித்து ஓடவிட்டு, ஒவ்வொரு சுற்றுக்கும் தனிப் பரிசு வழங்கப்படும். ஒரே நாளில் பல ஊர்களின் வண்டிகளுக்கும் வாய்ப்புக் கிடைப்பதற்கு இந்த முறையே காரணம். பெரிய மாடு வாங்க வசதியில்லாத இளைஞர் பூஞ்சிட்டு ஜோடியோடு களத்துக்கு வர முடிகிறது.

வளர்ப்பு

பந்தய மாட்டைத் தேர்வு செய்வதில் நிறம், சுழி, கொம்பின் அமைப்பு, கால் நேர்த்தி, நடை ஆகியவை பார்க்கப்படுகின்றன. மயிலை, செவலை, காரி என்று நிறத்தால் மாடு அழைக்கப்படும். காங்கேயம், புளிக்குளம் ஆகிய தமிழ்நாட்டு இனங்களோடு கர்நாடகத்தின் ஹள்ளிகார் இன மாடுகளும் பந்தயங்களுக்குப் பேர்போனவை. சந்தையில் தரகர் துண்டைப் போர்த்தி விரல்களைப் பிடித்து விலை பேசும் முறை பந்தய மாட்டுக்கு அதிகம் பொருந்துவதில்லை. பேரெடுத்த ஜோடி சந்தைக்கு வராமலே, பந்தய நாளன்றே, ஓட்டத்தைக் கண்ணால் பார்த்தவர்களிடையே கைமாறும். அத்தகைய ஜோடியின் விலை லட்சங்களில் சொல்லப்படும்.

ஜோடி சேர்ப்பது தனிக்கலை. இரண்டு வேகமான மாடுகளை ஒரு நுகத்தில் பூட்டுவதால் மட்டும் வேகமான ஜோடி கிடைத்துவிடாது. உயரமும் எட்டும் ஒத்திருக்க வேண்டும். ஒன்று முந்தி இழுத்தால் வண்டி ஒருபக்கம் சாயும். இடப்பக்கம் பழகிய மாடு வலப்பக்கம் ஓடத் தயங்கும். இதனால் வெவ்வேறு ஊர்களைச் சேர்ந்த இருவர் தங்கள் மாடுகளைச் சேர்த்துப் பூட்டி, இருவர் பெயரிலும் ஊரிலும் வண்டியைப் பதிவுசெய்வதும் உண்டு.

பருத்திக்கொட்டை, உளுந்து, பேரீச்சம்பழம், முட்டை போன்றவை பந்தய மாட்டுக்கான தீவனம். கண்மாயிலோ கிணற்றிலோ நீச்சல், விடியற்காலையில் நடை, மணற்பாங்கான தரையில் வண்டிப் பழக்கம் ஆகியவை பயிற்சி. பந்தயத்துக்கென வளர்க்கும் மாடு பெரும்பாலும் உழவுக்குப் போவதில்லை. ஆண்டு முழுவதும் அதைப் பேணும் செலவைப் பரிசுத்தொகை ஈடுகட்டாது என்பதே வளர்ப்போரின் பொதுவான கணக்கு. வரவு பார்த்து மாடு வளர்ப்பவர் இதில் நெடுநாள் நிலைப்பதில்லை.

பந்தயப் பருவம்

கரிசல் வேளாண்மையின் நாட்காட்டியே பந்தயத்தின் நாட்காட்டி. ஆவணி, புரட்டாசியில் தொடங்கும் வேலை தை, மாசியில் அறுவடையோடு ஓயும். கையில் தானியமும் பணமும் இருக்கும் அடுத்த மாதங்களில் ஊர்தோறும் கொடை நடக்கும். பொங்கலையொட்டித் தொடங்கும் பந்தயங்கள் பங்குனி, சித்திரை, வைகாசியில் பெருகி, ஆடிக் கொடைகள் வரை நீளும். தலைவர்களின் பிறந்தநாள், நினைவுநாள், அரசியல் கட்சிகளின் விழாக்கள் ஆகியவற்றை ஒட்டியும் பந்தயங்கள் நடக்கின்றன. கட்டபொம்மனின் பாஞ்சாலங்குறிச்சியில் வீரசக்கதேவி ஆலய விழாவையொட்டி நடக்கும் பந்தயம் இவ்வட்டாரத்தில் புகழ்பெற்றது.

ஒரே ஜோடி ஒரு பருவத்தில் பல ஊர்களில் ஓடும். ஓரூரில் தோற்ற வண்டி அடுத்த ஊரில் அதே எதிராளியைச் சந்திக்கும். இவற்றுக்கெல்லாம் பொதுவான புள்ளிப் பட்டியலோ கூட்டமைப்பு வழங்கும் பட்டமோ இல்லை. எந்த ஊரில் எந்த ஜோடி எந்த வண்டியை எந்த இடத்தில் முந்தியது என்பது டீக்கடைப் பேச்சிலும் ரசிகர்களின் நினைவிலும் பதிவாகிறது. அண்மைக்காலத்தில் கைபேசிப் படப்பதிவுகள் அந்த வேலையைப் பகிர்ந்துகொண்டுள்ளன.

பந்தய நாள்

வெயில் ஏறுமுன் பந்தயம் தொடங்கும். ஊர்ப் பெரியவரோ அரசியல் பிரமுகரோ கொடியசைத்துத் தொடங்கிவைப்பார். ஒவ்வொரு வண்டியிலும் இருவர் இருப்பர். கயிற்றைப் பிடிப்பவர் சாரதி. மற்றவர் துணைச்சாரதி. இவர் வண்டியிலிருந்து குதித்து மாட்டோடு ஓடி விரட்டுவார்; ஓடும் வண்டியில் மீண்டும் தாவி ஏறுவார். எடையைக் குறைப்பதும் வேகத்தைக் கூட்டுவதும் ஒருசேர அவர் பொறுப்பு.

சாலையின் அகலம் குறைவு. தொடக்கத்தில் முன்னால் செல்லும் வண்டியைப் பின்னர் முந்துவது எளிதன்று. எல்லையில் வண்டியைத் திருப்புவதே மிகக் கடினமான கட்டம். வேகமாக வரும் ஜோடியை அடக்கி, குறுகிய இடத்தில் வளைத்து, மீண்டும் வேகம் பிடிக்கச் செய்ய வேண்டும். எல்லையில் முதலில் கொடி வாங்கும் வண்டிக்குத் தனிப் பரிசு உண்டு. போகும்போது முழு வலுவையும் செலவழித்துக் கொடிப் பரிசு வாங்குவதா, திரும்புகாலுக்கு மாட்டின் மூச்சைச் சேர்த்துவைப்பதா என்பது சாரதி எடுக்க வேண்டிய முடிவு. கொடி வாங்கிய வண்டியே முதற்பரிசையும் வாங்கினால் அது பெரிய வெற்றியாகப் பேசப்படும்.

எல்லையைத் தொட்டுத் திரும்பும் வண்டிகளும் இன்னும் எல்லையை நோக்கிச் செல்லும் வண்டிகளும் ஒரே சாலையில் எதிரெதிரே கடக்கும். சாலையின் இருபுறமும் தடுப்பில்லாமல் கூட்டம் நிற்கும். வண்டிகளுக்குப் பின்னால் மோட்டார் சைக்கிள்களில் ரசிகர்கள் கூச்சலிட்டபடி தொடர்வார்கள். மாடு மிரண்டு கூட்டத்துக்குள் பாய்வதும், சக்கரங்கள் மோதி வண்டி கவிழ்வதும் நேர்ந்துள்ளன. பொதுச்சாலைப் பந்தயத்தின் கவர்ச்சியும் ஆபத்தும் ஒரே இடத்தில் இருக்கின்றன. பார்வையாளர் கைநீட்டினால் தொடும் தொலைவில் வண்டி கடக்கிறது.

கொங்கு நாட்டு ரேக்ளாவில் இந்தச் சிக்கல் குறைவு. அங்கே 200 மீட்டர், 300 மீட்டர் நேர்பாதையில் வண்டிகள் தனித்தனியே ஓடும். நேரத்தை அளந்து வெற்றி கணிக்கப்படும். அங்கே வண்டியின் போட்டி கடிகாரத்தோடு. கரிசலில் எதிராளி பக்கத்திலேயே ஓடுகிறார்.

ஓர் ஒப்பீடு: அமெரிக்கச் சாலைப் பந்தயம்

தொழில்முறை அல்லாதவர்கள் பொதுச்சாலையில் நடத்தும் பந்தயம் வேறு நாடுகளிலும் இருந்தது. இரண்டாம் உலகப்போருக்குப் பின் அமெரிக்காவில் நடந்த ஸ்போர்ட்ஸ் கார் பந்தயங்கள் அவற்றுள் ஒன்று. 1944-இல் தொடங்கப்பட்ட அமெரிக்க ஸ்போர்ட்ஸ் கார் கிளப்பின் உறுப்பினர்கள் சொந்தக் காரைச் சொந்தச் செலவில் ஓட்டினர். பரிசுப்பணம் வாங்குவது கிளப்பின் கொள்கைக்கு எதிரானதாக இருந்தது. எஞ்சினின் கொள்ளளவைப் பார்த்துக் கார்கள் பிரிவுகளாக வகுக்கப்பட்டன. பெரிய மாடும் பூஞ்சிட்டும் தனித்தனியே ஓடுவதைப்போல, சிறிய எஞ்சின் கொண்ட காரும் தன் அளவுள்ள காரோடு மோத முடிந்தது.

நியூயார்க் மாநிலத்தின் வாட்கின்ஸ் கிளென் என்னும் சிற்றூரில் 1948 அக்டோபர் 2 அன்று முதல் பந்தயம் நடந்தது. ஊரின் தெருக்களையும் சுற்றுப்புறச் சாலைகளையும் சேர்த்து 6.6 மைல் நீளச் சுற்றுப்பாதை வகுக்கப்பட்டது. அது ரயில் தண்டவாளத்தையும் கடந்து சென்றது. அடுத்த ஆண்டுகளில் கூட்டம் பெருகியது. 1950-இல் ஓட்டுநர் சாம் காலியர் இறந்தார். 1952 செப்டம்பரில் கூட்டத்தை உரசிச் சென்ற காரால் ஏழு வயதுச் சிறுவன் உயிரிழந்தான்; பலர் காயமுற்றனர். ஊர்த் தெருக்களில் பந்தயம் அத்தோடு முடிந்தது. விஸ்கான்சின் மாநிலத்தின் எல்க்ஹார்ட் லேக் ஊரிலும் 1950 முதல் 1952 வரையே சாலைப் பந்தயம் நடந்தது.

அதன்பின் அமெரிக்க விமானப்படைத் தளபதி கர்டிஸ் லெமே தம் பொறுப்பிலிருந்த விமானத் தளங்களைப் பந்தயத்துக்குத் திறந்துவிட்டார். 1952 முதல் 1954 வரை அந்த ஓடுதளங்களே களங்கள். பின்னர் நிரந்தரப் பந்தயப் பாதைகள் கட்டப்பட்டன. எல்க்ஹார்ட் லேக் அருகே 1955-இலும், வாட்கின்ஸ் கிளெனில் 1956-இலும் அவை திறக்கப்பட்டன. தமிழ்நாட்டின் மோட்டார் பந்தயமும் இதே தடத்தில் சென்றது. சென்னையை அடுத்த சோழவரத்தில் உலகப்போர்க் கால விமான ஓடுதளத்தில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்திவந்த பந்தயங்கள், இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தரப் பாதை அமைந்தபின் அங்கே இடம்பெயர்ந்தன.

மோட்டார் பந்தயம் சாலையை விட்டு வெளியேறிய பின்னும் வாழ்ந்தது. வேலியிட்ட பாதையும் நுழைவுச்சீட்டும் அதற்குப் போதுமானவையாக இருந்தன. கரிசல் வண்டிப் பந்தயத்துக்கு அந்த வழி இல்லை. ஓரூர் தன் கோயிலுக்காக, தன் சாலையில், தன் வாசல்முன் நடத்துவது அது. ஆகவே அதன்மேல் வந்த தடை, இடம் மாற்றித் தீர்க்கக்கூடியதாக இருக்கவில்லை.

வழக்கும் தடையும்

மாடுகள் பங்கேற்கும் விளையாட்டுகள் குறித்த நீண்ட வழக்கின் தொடக்கம் ஜல்லிக்கட்டு அல்ல, வண்டிப் பந்தயம். ராமநாதபுரம் மாவட்டத்தில் ஒரு கோயில் விழாவையொட்டி ரேக்ளா பந்தயம் நடத்த அனுமதி கோரிய மனு சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கு வந்தது. நீதிபதி ஆர். பானுமதி 2006 மார்ச்சில் அளித்த தீர்ப்பில் அனுமதி மறுத்ததோடு, ஜல்லிக்கட்டு, ரேக்ளா போன்ற போட்டிகள் அனைத்தும் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்துக்கு முரணானவை என்றார். 2007 மார்ச்சில் இரு நீதிபதிகள் அமர்வு அத்தீர்ப்பை விலக்கியது. வழக்கு உச்சநீதிமன்றம் சென்றது. 2009-இல் தமிழ்நாடு அரசு ஜல்லிக்கட்டை ஒழுங்குபடுத்தச் சட்டம் இயற்றியது.

2011 ஜூலையில் மத்திய அரசு வெளியிட்ட அறிவிக்கை, காட்சிப்படுத்தவோ அதற்காகப் பழக்கவோ கூடாத விலங்குகளின் பட்டியலில் காளையைச் சேர்த்தது. 2014 மே 7 அன்று உச்சநீதிமன்றத்தின் கே.எஸ். ராதாகிருஷ்ணன், பினாகி சந்திர கோஷ் அமர்வு ஜல்லிக்கட்டையும் மாட்டுவண்டிப் பந்தயத்தையும் தடைசெய்தது. மாட்டின் உடலமைப்பு குதிரையைப்போல ஓட்டப் பந்தயத்துக்கு ஏற்றதன்று. அச்சத்தாலும் வலியாலுமே அது ஓடவைக்கப்படுகிறது என்பது தீர்ப்பின் அடிப்படை வாதங்களுள் ஒன்று. 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் விலங்குகளுக்கு அளிக்கும் பாதுகாப்பை மரபு என்னும் பெயரால் மீற முடியாது என்றும் அமர்வு கூறியது.

இந்த வாதத்துக்குக் களத்தில் ஆதாரம் இருந்தது. சாட்டை வீச்சு, ஆணி பதித்த தார்க்குச்சி, வாலை முறுக்குதல் ஆகியவை வண்டிப் பந்தயங்களில் அறியப்படாதவை அல்ல. மறுபுறம், அடித்து ஓட்டும் மாடு முழுத் தூரம் தாங்காது, குரலுக்கு ஓடும் மாடே வெல்லும் என்பது வளர்ப்போரின் வாதம். இரண்டும் ஒரே பந்தயத்தில் காணக்கூடியவை. வெற்றிக்கோடு நெருங்கும்போது குரலை விட்டுச் சாட்டையை எடுக்கும் சாரதியும் உண்டு.

தடைக்காலத்தில் பந்தய மாடு வைத்திருந்தவர்கள் இக்கட்டில் சிக்கினர். உழவுக்குப் பழக்கப்படாத மாடு, உழவே டிராக்டருக்குப் போய்விட்ட ஊர். அதற்கு வேறு வேலை இல்லை. ஆனால் தீவனச் செலவு நிற்கவில்லை. சிலர் என்றாவது தடை நீங்கும் என்று கட்டிக் காத்தனர். சிலர் விற்றனர். விற்ற மாடு அறுவைக்கே செல்லும் என்பதை விற்றவர்களும் அறிந்திருந்தனர். மாட்டின் துன்பத்தைத் தடுக்க வந்த உத்தரவு அதன் வாழ்நாளையும் குறைத்தது என்பது அவர்கள் தரப்புக் குறை. விலங்குநல அமைப்புகள், பயனற்ற மாட்டை விற்றுவிடும் வழக்கம் தடைக்கு முன்பே இருந்தது, அதற்குப் பந்தயம் தீர்வாகாது என்று பதில் கூறின.

மீட்பு

2016 ஜனவரி 7 அன்று மத்திய அரசு நிபந்தனைகளோடு இப்போட்டிகளை அனுமதித்து அறிவிக்கை வெளியிட்டது. சில நாட்களிலேயே உச்சநீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. 2017 ஜனவரியில் சென்னை மெரினாவிலும் தமிழகமெங்கும் எழுந்த போராட்டத்தையடுத்து ஜனவரி 21 அன்று அவசரச் சட்டமும், 23 அன்று சட்டமன்றத்தில் திருத்த மசோதாவும் வந்தன. போராட்டத்தின் முழக்கம் ஜல்லிக்கட்டு. கரிசல் ஊர்களின் வண்டிப் பந்தயமும் அந்த அலையின் பின்னே மீண்டும் சாலைக்கு வந்தது. மகாராஷ்டிரம், கர்நாடகம் ஆகிய மாநிலங்களும் மாட்டுவண்டிப் பந்தயத்துக்கும் கம்பளாவுக்கும் சட்டத் திருத்தம் செய்தன. 2023 மே 18 அன்று நீதிபதி கே.எம். ஜோசப் தலைமையிலான ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு மூன்று மாநிலச் சட்டங்களும் செல்லும் என்று தீர்ப்பளித்தது.

இன்றைய நிலை

சட்டம் அனுமதித்தாலும் சாலை மாறிவிட்டது. மதுரையிலிருந்து கோவில்பட்டி வழியே திருநெல்வேலி செல்லும் சாலையும், எட்டயபுரம் வழியே தூத்துக்குடி செல்லும் சாலையும் நான்கு வழியாக விரிந்து, நடுவே தடுப்புச் சுவரோடு இடையறாத போக்குவரத்தைத் தாங்குகின்றன. அவற்றில் பந்தயம் நடத்த இயலாது. ஊர்களை இணைக்கும் கிளைச்சாலைகளே இன்றைய களங்கள். காவல்துறை அனுமதி, கால்நடை மருத்துவர் சோதனை, போக்குவரத்தை மாற்றிவிடுதல் ஆகியவை விழாக் குழுவின் பொறுப்பில் சேர்ந்துள்ளன. வண்டிகளின் பின்னே மோட்டார் சைக்கிள்கள் தொடர்வதைக் கட்டுப்படுத்துவது இன்னும் தீராத சிக்கல்.

நிலமும் மாறியுள்ளது. பருத்தியும் கம்பும் விளைந்த புன்செய்களில் மக்காச்சோளம் பரவியுள்ளது. உழவும் அறுவடையும் இயந்திரத்தால் நடக்கின்றன. பல ஊர்களில் உழவு மாடு என்று ஒன்று இல்லை. அத்தகைய ஊரில் ஒரு வீட்டின் முன் ஜோடி மாடு கட்டியிருந்தால் அது பந்தய மாடாக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். முன்பு ஊரிலிருந்த நூறு ஜோடிகளுள் வேகமானவை பந்தயத்துக்கு வந்தன. இன்று பந்தயத்துக்காகவே சில ஜோடிகள் ஊரில் இருக்கின்றன. லாடம் கட்டுபவரும், மரச் சக்கரம் செய்யும் தச்சரும், பல் பிடித்துப் பார்த்து வயது சொல்லத் தெரிந்த முதியவரும் பந்தயப் பருவத்தில் தேடப்படுகிறார்கள். பருத்திப் பொதி ஏற்றிய வண்டிகள் சென்ற அதே ஊர்ச்சாலைகள், பந்தயம் முடிந்து சில மணி நேரத்தில் மீண்டும் பேருந்துக்கும் மினி லாரிக்கும் திறந்துவிடப்படுகின்றன.